கங்கைகொண்ட சோழபுரத்தைக் காணோம்!

என் வெப்சைட்டை உலகத்திலேயே முதல் ஆளாகத் திறந்து பார்த்தது என் மனைவிதான். பார்த்துவிட்டு அவள் எழுதிய விமரிசனம் மொத்தம் இரண்டே வார்த்தை.

"வெள்ளையா இருக்கு."

"டிசைனே அப்படித்தாம்மா. சிம்பிளா இருக்கணும்னு..."

"அதில்லீங்க. படமே இல்லாம வெள்ளையா இருக்கு."

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். மேலே 'கங்கைகொண்ட சோழபுரம் - என் பார்வையில்' என்று கம்பீரமாகத் தலைப்பு. அதற்குக் கீழே நாற்பது காலிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் கிழிந்த காகிதம் மாதிரி ஒரு குட்டிப் பொம்மை. ராஜேந்திர சோழன் கட்டி, ஏறக்குறைய ஆயிரம் வருஷமாக மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் நிற்கிற கோயில். 55 மீட்டர் உயர விமானம். உடையார்பாளையத்து ஆசாமி ஒருத்தன் இரண்டு மாசம் ராக்கண் முழித்ததில், அது மொத்தமாகக் காணாமல் போயிருந்தது!

'இன்ஸ்டாகிராம்ல போட்டுட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு வெப்சைட்டு?' என்று நீங்கள் கேட்பீர்கள். ஆபீஸில் எதிர் சீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். அடுத்தவன் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கிற கதை சார் அது. ஜியோசிட்டீஸ் என்று ஒரு இலவச இடம் இருந்தது. லட்சக்கணக்கான பேர் அதில் சொந்தப் பக்கம் கட்டிக் குடியிருந்தார்கள். 2009-ல் யாஹூ கதவைச் சாத்தியது. ஃப்ளிக்கரில் இலவசமாக எவ்வளவோ படம் வைத்திருந்தவர்களிடம், 2019-ல் 'ஆயிரம் படத்துக்கு மேல் வேண்டுமானால் காசு' என்றார்கள். என் படங்கள் என் வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்பா.

அப்பா எங்க ஊரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து - இதெல்லாம் வயிற்றுக்கு. மனசுக்கு, பிலிம் ரோலில் மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு ஷாட்டில் ஊரை எடுப்பார். பயறணீஸ்வரர் கோயில், குளத்துப் படிக்கட்டு, முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள், தெரு நீளத்துக்குப் பாவு விரித்து நிற்கிற தறிக்காரர்கள்... அவர் போன பிறகு பெட்டியில் கிடைத்த நெகட்டிவ்களை கும்பகோணத்தில் ஒரு கடையில் கொடுத்து, 212 படமாக ஸ்கேன் பண்ணி வாங்கி வைத்திருந்தேன். வெப்சைட்டில் பாதி என் கோபுரம், மீதி அப்பாவின் ஊர் என்று திட்டம். இந்தப் படங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலே வயிற்றைக் கலக்கப் போவது அதுதான்.

இப்போது காணாமல் போன கோயிலுக்கு வருவோம்.

எனக்குத் தொழில்நுட்ப ஆலோசகர் என் அக்கா மகன். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். ஒரு கேள்விக்கு ஒரு பரோட்டா செட் என்பது அவனுடைய கன்சல்டிங் கட்டணம்.

"மாமா, படத்துக்கு என்ன அட்ரஸ் குடுத்திருக்கீங்க?"

காட்டினேன். சிரித்தான்.

"சி டிரைவ், யூசர்ஸ், அதுக்குள்ள உங்க பேரு, அதுக்குள்ள டெஸ்க்டாப்... இது உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல இருக்கிற அட்ரஸ் மாமா. சர்வர்ல ஏது டெஸ்க்டாப்?"

விஷயம் இதுதான். வீட்டில் அந்த ஃபைலை டபுள் கிளிக் பண்ணும்போது, படம் அதே மெஷினில் இருப்பதால் கரெக்டாகத் தேடி எடுத்துக் காட்டிவிடும். நாமும் 'ஆஹா' என்று ஏற்றி விடுவோம். சர்வருக்குப் போனதும் அந்த விலாசத்தில் ஆளில்லை. 'சமையல்கட்டுல ரெண்டாவது ஷெல்ஃப்ல இருக்கு' என்று ஊரில் சொன்னால் சரி. சென்னை லாட்ஜ் ரூமில் நின்றுகொண்டு சொன்னால் யார் எடுத்துத் தருவது? பக்கம் இருக்கிற இடத்திலிருந்து படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். மாற்றினேன். நாற்பதில் இருபத்தேழு படம் வந்தது.

பாக்கி பதிமூன்று? கோபுரம் வந்தது, நந்தி வரவில்லை. சிம்மக் கிணறு வந்தது, சண்டேச அனுக்ரக மூர்த்தி வரவில்லை. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தும் பிடிபடவில்லை. காலையில் அக்கா மகன் மூன்று நிமிஷத்தில் பிடித்தான். கேமரா தானாகப் பெயர் வைக்கும்போது கடைசி மூன்று எழுத்தை - அந்த ஜேபிஜியை - பெரிய எழுத்தில் வைத்திருக்கிறது. நான் பக்கத்தில் சின்ன எழுத்தில் அடித்திருக்கிறேன். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, அது தாராள மனசுக்காரர். பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. அவருக்குப் பெரிய எழுத்து வேறு ஆள், சின்ன எழுத்து வேறு ஆள். ரேஷன் கடை மாதிரி, கார்டில் இனிஷியல் மாறினால் சர்க்கரை கிடையாது.

அன்றிலிருந்து என் ஃபைல் பெயரெல்லாம் சின்ன எழுத்து. நடுவில் இடைவெளி கிடையாது, வேண்டுமானால் ஒரு சின்னக் கோடு. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு பரோட்டா செட் மிச்சம்.

இதே சமயத்தில் இன்னொரு கூத்து. வெப்சைட்டுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். 'டாட் இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முடிகிற விலாசம் நிஜமாகவே இருக்கிறது. தமிழ்ப்பற்று பொங்க வாங்கி, சிங்கப்பூரில் இருக்கிற அண்ணனுக்கு அனுப்பினேன். 'என்னடா எக்ஸ், என், கோடு, கோடுன்னு வைரஸ் மாதிரி என்னமோ அனுப்பியிருக்கே?' என்று பதறிப்போய்ப் போன் பண்ணினான். இன்டர்நெட்டின் விலாசப் புத்தகத்துக்கு உள்ளுக்குள் ஆங்கில எழுத்தும் எண்ணும் சின்னக் கோடும்தான் தெரியும். நம் தமிழை அது அப்படி ஒரு குறியீடாக மாற்றி வைத்துக்கொள்கிறது. சில இடங்களில் ஒட்டும்போது அந்தக் குறியீடே வெளியே தலைகாட்டும். அண்ணன் பயந்ததில் தப்பில்லை. சாதாரண 'டாட் இன்' ஒன்றை வாங்கினேன்.

அதை வாங்கியது ஒரு கடையில், படம் வைக்க இடம் வாங்கியது இன்னொரு கடையில். எனக்குத் தெரியாது, பெயர் விற்றவரிடம் போய் 'என் வீடு இன்ன இடத்தில் இருக்கிறது' என்று நேம் சர்வரை மாற்றி எழுத வேண்டுமாம். எழுதிய பிறகும் எனக்கு 'இந்த இடம் விற்பனைக்கு' என்கிற பழைய பலகையே தெரிந்தது. அண்ணனுக்கு சிங்கப்பூரில் புதுசு தெரிகிறதாம்! நடுவில் இருக்கிற மெஷின்கள் பழைய விலாசத்தைச் சில மணி நேரம் ஞாபகம் வைத்திருக்கும். ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். இந்தச் சமயத்தில் செய்ய வேண்டிய ஒரே வேலை, எதையும் தொடாமல் தூங்குவது. நான் தூங்கவில்லை. அரை மணிக்கு ஒருதரம் மாற்றி மாற்றி எழுதி, இரண்டு நாள் வேலையை நாலு நாளாக்கினேன்.

ஒரு வழியாகக் கோயில் எழுந்து நின்றது. ஊருக்குப் போய் அம்மாவிடம் காட்டலாம் என்று போனைத் திறந்தேன். கோபுரத்தின் கலசம் வந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். கலசத்துக்குக் கீழே கொஞ்சம் வந்தது. அம்மா உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்தாள். இரண்டாவது தளம் வந்துகொண்டிருந்தது.

"ராஜேந்திர சோழன் இதைவிட வேகமாக் கட்டியிருப்பாரு போலிருக்கேடா" என்றாள்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். என் கேமரா எடுப்பது 6000-க்கு 4000, ஆக 2 கோடியே 40 லட்சம் புள்ளி. ஒரு படம் 9 எம்.பி. நாற்பது படத்துக்கு 360 எம்.பி! 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட காலத்து மோடமாக இருந்தால், ஒரு படத்துக்கே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. இப்போது வேகம் வந்துவிட்டது, வாஸ்தவம். ஆனால் போன் திரையின் அகலம் பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம் புள்ளிதான். அதில் காட்ட ஆறாயிரம் புள்ளியை அனுப்புவது, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டவருக்கு டேங்கர் லாரி அனுப்புவது.

நீளப் பக்கம் 2000 புள்ளி, தரம் 80 என்று வைத்துச் சுருக்கினால், படம் அரை எம்.பி. அளவுக்கு வந்துவிடுகிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. முதல் பக்கத்தில் வரிசையாகக் காட்ட 400 புள்ளியில் தனியாக ஒரு குட்டிப் படம், தொட்டால்தான் பெரிசு. அப்புறம், கீழே இருக்கிற படத்தை ஆள் கீழே உருட்டி வரும்போது கொண்டு வந்தால் போதும் என்று ஒரே வார்த்தையில் சொல்லலாம், அதையும் போட்டேன். அம்மாவின் உலை கொதிப்பதற்குள் கோயில் முழுசாக நின்றது.

இப்போதுதான் அந்த வயிற்றைக் கலக்குகிற கட்டம்.

ஒவ்வொரு படமாகச் சுருக்குவது சாகிற வேலை. மொத்தமாகச் சுருக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. என் படங்களை அதில் சுருக்கினேன், பிரமாதம். அடுத்து அப்பாவின் 212. அதெல்லாம் பழைய படம், கொஞ்சம் சின்னதாகவே இருக்கட்டும் என்று 1200 புள்ளி என்று கொடுத்தேன். 'எங்கே சேமிக்கட்டும்?' என்று கேட்டது. ஏற்கெனவே எழுதியிருந்ததை அப்படியே விட்டு 'ஓகே' அடித்தேன். 'ஏற்கெனவே உள்ளதன் மீது எழுதவா?' என்று மறுபடி கேட்டது. ஆபீஸில் கையெழுத்துப் போடுகிற பழக்கம் சார், படிக்காமலேயே 'எல்லாவற்றுக்கும் ஆமாம்' என்று தட்டினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 40 எம்.பி., 50 எம்.பி. என்று இருந்த ஸ்கேன்களெல்லாம் 200 கே.பி.யாகச் சுருங்கி உட்கார்ந்திருந்தன. அதே ஃபோல்டரில், அதே பெயரில்.

உடனே அக்கா மகனுக்குப் போன். அவன் குரலில் முதல் தடவையாகப் பரோட்டா இல்லை.

"மாமா, அழிச்சிருந்தாக்கூட எப்படியாவது தோண்டி எடுக்கலாம். அதுக்கு மேலயே எழுதிட்டீங்கன்னா..."

"எழுதிட்டேன்டா மாப்ளே."

"வேற காப்பி?"

வேற காப்பி இல்லை. பென் டிரைவில் கொடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, பென் டிரைவில் மச்சான் கல்யாண வீடியோவை ஏற்றி அனுப்பிவிட்டேன். ஒரிஜினல் நெகட்டிவ்? பரண் மேல் இருந்தது. போன ஐப்பசி அடைமழையில் ஓடு ஒழுகி, கத்தையாக ஒட்டிப்போய்க் கிடக்கிறது.

எங்க பக்கத்தில் ஒரு பழைய விஷயம் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலில் இப்போது பாதிக்கு மேல் இல்லையே, ஏன் தெரியுமா? 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது வெள்ளைக்காரர்கள் அந்த மதில் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் அணையில் வைத்துவிட்டார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னார்களாம். சின்ன வயசில் அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். அன்றைக்கு ராத்திரி அந்த இன்ஜினீயரை நான் மன்னித்துவிட்டேன். அவருக்காவது ஒரு அணை மிச்சம்.

மறுநாள் லீவு போட்டுக் கும்பகோணம் ஓடினேன். ஸ்கேன் போட்ட கடைக்காரர் பொறுமையான மனிதர். 'தம்பி, வேலை முடிஞ்சா ஆறு மாசத்துல அழிச்சிடுவோம்' என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூசி தட்டினார். இரண்டு மணி நேரம் தேடியதில் 141 படம் கிடைத்தது. மீதி 71 அழிந்த பிறகு அதன் மேல் வேறு யாரோ ஒருவருடைய கல்யாணம். கிடைத்ததற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இப்போது அந்த 141-ம் மூன்று இடத்தில் இருக்கின்றன: வீட்டில் ஒன்று, அக்கா வீட்டில் தனி டிஸ்க் ஒன்று, இன்டர்நெட் லாக்கரில் ஒன்று. சுருக்கிய படத்துக்கு எப்போதும் வேறு ஃபோல்டர், பெயரின் கடைசியில் 'சின்னது' என்று ஒரு வால். எழுபத்தோரு படத்தைக் கொடுத்துப் படித்த பாடம்.

நொந்த மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அம்மா திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டுகிற படத்தை போனில் எடுத்து ஏற்றினேன். கழுத்தில் ரெட்டை வடம் சங்கிலி, சாயங்கால வெளிச்சத்தில் தகதக. கீழே 'உடையார்பாளையத்து வீட்டில் தனியாக அம்மா' என்று உருக்கமாக ஒரு வரி.

அக்கா மகன் பார்த்துவிட்டு, "படம் சூப்பர் மாமா" என்றான். "ஆனா இதுக்குள்ள நம்ம பாட்டி வீட்டு வாசலே இருக்கு."

"ஆமா, திண்ணை..."

"அதச் சொல்லல. போன் படம் எடுக்கும்போது அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் உள்ள எழுதி வைக்கும். இத டவுன்லோட் பண்ணி மேப்ல போட்டா நேரா வாசப்படி. தங்கச் சங்கிலி, தனியா இருக்காங்க, விலாசம் இதுன்னு மூணையும் நீங்களே குடுத்திருக்கீங்க."

வியர்த்துவிட்டது. வாட்ஸப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அந்த விவரத்தை அதுவே கழற்றிவிடும். சொந்த வெப்சைட்டில் நாமாகக் கழற்றினால்தான் உண்டு. உடனே படத்தை எடுத்தேன். எல்லாப் படத்திலிருந்தும் உள்ளே எழுதியிருக்கிற குறிப்பு மொத்தத்தையும் துடைக்கிற ஒரு சாஃப்ட்வேரை ஓட்டினேன். (தனி ஃபோல்டரில்தான், சத்தியமாக!)

இடம் போச்சு. கூடவே வேறு இரண்டும் போச்சு. கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த கோபுரமெல்லாம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டன. அந்தி நேரத்து செம்பழுப்புக் கல், சாம்பல் பூசினாற்போல் சோகை பிடித்துப் போயிற்று. ஒரு வியாதிக்கு மருந்து சாப்பிட்டு இரண்டு வியாதி வாங்கிய கதை. காரணம் தெரிந்தபோது சிரிப்புதான் வந்தது. நிமிர்த்தி எடுத்தாலும் கேமரா படத்தைப் படுக்க வைத்தே சேமித்து, 'காட்டும்போது திருப்பிக் காட்டு' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுகிறது. நிறமும் அப்படித்தான். என் கேமராவில் 'அடோப் ஆர்ஜிபி' என்று வைத்திருந்தேன், பெயர் கௌரவமாக இருந்ததால். அதை இன்ன மாதிரி படிக்கணும் என்று ஒரு குறிப்பு படத்துக்குள் இருக்கும். குறிப்பைத் துடைத்ததும், பிரௌசர் அதை வழக்கமான 'எஸ்ஆர்ஜிபி' என்று நினைத்துக் காட்டியது. ஜாதகத்தைக் கிழித்துவிட்டு நட்சத்திரம் கேட்டால் எப்படி? ஆகவே முதலில் படத்தை நிஜமாகவே திருப்பணும், நிறத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றணும், அதற்கப்புறம்தான் துடைக்கணும். வரிசை மாறினால் கோபுரம் படுத்துவிடும்.

பூட்டுப் படம் வரவில்லை, 'பாதுகாப்பில்லை' என்று மிரட்டுகிறது என்றெல்லாம் இன்னும் சில்லறைச் சண்டைகள். சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, இடம் கொடுத்த கடைக்காரர் பக்கத்தில் ஒரு பட்டனைத் தேடித் தட்டினால் முடிந்தது. அப்புறம், நாம் மாற்றியது நமக்கே தெரியாமல் பழசே தெரிந்தால் தப்பு நம் மேல் இல்லை. பிரௌசர் பழைய படத்தைப் பையில் வைத்துக்கொண்டு நீட்டுகிறது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு எஃப்-5 தட்டணும். இது தெரியாமல் நான் ஒரே திருத்தத்தை ஏழு தடவை செய்திருக்கிறேன்.

ஆனால் தமிழ் பட்ட பாட்டைச் சொல்லியே ஆகணும். அப்பா படங்களுக்குக் கீழே ஊர், தெரு, ஆள் எல்லாம் பார்த்துப் பார்த்துத் தமிழில் எழுதியிருந்தேன். என் கம்ப்யூட்டரில் மணிமணியாகத் தெரிந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தால், தலையில் குச்சி செருகிய ஒரு 'ஏ', வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு 'ஆர்', மறுபடி குச்சி 'ஏ', மறுபடி வட்ட 'ஆர்'... பக்கம் முழுக்க இதே பஜனை. எதிர் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கல்வெட்டா சார்?" என்றார். ஒவ்வொரு தமிழ் எழுத்தும் யுனிகோடின் 'யூடிஎஃப்-8' முறையில் மூன்று துண்டாகப் போகிறது. 'இது யூடிஎஃப்-8' என்று பக்கத்தின் தலையில் ஒரு வரி எழுதவில்லையென்றால், சில பிரௌசர் அந்த மூன்றையும் மூன்று மேல்நாட்டு எழுத்தாகப் படித்துத் தொலைக்கும். தமிழின் முதல் இரண்டு துண்டு பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால்தான் அந்தப் பஜனை. ஒரே ஒரு வரி, பக்கத்தின் தலையில். கல்வெட்டு தமிழாயிற்று.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் சரியாகி, அண்ணனுக்கு லிங்க் அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்குப் போன்.

"டேய், உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டேன்டா. அண்ணியும் பார்த்தா. அப்பா எடுத்த அந்தப் பாவுத் தெருப் படம் இருக்கே..."

"ஆமாண்ணே."

"அதுல பாவுக்குப் பின்னாடி, தூண் பக்கத்துல டிரவுசர் போட்டுக்கிட்டு ஒரு பையன் நிக்கிறான் பாரு. அது நான்டா! என் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நம்ம தாத்தா. தாத்தாவுக்கு வேற போட்டோவே கிடையாதேடா. பெரிசு பண்ணிப் பார்த்தா மூஞ்சி கட்டம் கட்டமா உடையுது. பெரிய படம் இருக்கில்ல, அதை அனுப்பு. பிரேம் போடணும்."

லிஸ்ட்டைத் திறந்தேன். பாவுத் தெரு, 43-ஆம் நம்பர். கும்பகோணத்தில் கிடைக்காத எழுபத்தொன்றில் அது ஒன்று.

"அனுப்புறேண்ணே, கொஞ்சம் டயம் குடு" என்று வைத்துவிட்டேன்.

கும்பகோணத்துக் கடைக்காரருக்கு மறுபடி போன் பண்ணினேன். ஒட்டிப்போன நெகட்டிவ்வைப் பிய்க்கவே கூடாதாம். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, தானாக நெகிழ்கிறதா என்று பார்க்கணுமாம். நெகிழ்ந்தாலும் நெகிழலாம், படம் தண்ணீரோடு போனாலும் போகலாம். "உங்க அப்பா கழுவின பிலிம்தானே தம்பி? நல்லாக் கழுவியிருந்தா தாங்கும்" என்றார்.

கத்தையைப் பரணிலிருந்து இறக்கி, துணி சுற்றி வைத்திருக்கிறேன். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் ஐந்து லிட்டர் கேன் வாங்கியாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வருகிறான். பரோட்டா வேண்டாம், சும்மாவே வருகிறேன் என்றிருக்கிறான்.